உள்ளுக்கு இருந்தவை

பிளாஸ்டிக் மொடல் கிட்டுக்கு உருக்கு அச்சு வேணும். செலவு கூட, ஆயிரக்கணக்கில வித்தால்தான் கட்டும். அதனால ஒண்டிரண்டு மட்டும் செய்து பாத்துக் கைவிட்ட இராணுவ வண்டிகள் பெரும்பாலும் ரெசின் கிட்டாகத்தான் வரும். சிலிக்கோன் அச்சில கையால வார்ப்பினம். கொஞ்ச வார்ப்போட அச்சு கிழிஞ்சிடும்.

எங்கட பக்கத்திலயும் அப்பிடி ஒரு வண்டி நிக்குது, ஆனையிறவில, ஏ9 வீதியோரம். 1991 யூலையில இராணுவ முகாமைத் தாக்க, புலிகள் ஒரு புல்டோசருக்கு இரும்புத் தகடு அடிச்சு அனுப்பினவை. அதில ஏறிக் குண்டை வெடிக்க வைச்சு இறந்த கோப்ரல் காமினி குலரத்னவின் நினைவுச் சின்னம் இப்ப அது. தெற்கிலயிருந்து வாறவை இறங்கிப் படம் எடுப்பினம். எங்கட பஸ் நிக்காமல் போகும்.

அந்த புல்டோசரை 35இல் ஒரு பங்கு அளவில ரெசினில செய்யவேணும் எண்டு எனக்கு ஆசை. தகடு, செயின், துரு எல்லாம் லேசு. அந்த அளவில ஒரு மனிசன் ஐஞ்சு சென்ரிமீற்றர். மேல ஏறினவரைச் செய்யலாம். உள்ளுக்கு இருந்தவை? தகட்டை மூடினால் ஒருத்தருக்கும் தெரியாதுதான். ஆனாலும் அவையளையும் வார்த்து உள்ளுக்கு இருத்தாமல் நான் மூடமாட்டன்.