மீனுக்கு நஞ்சு, கங்குனுக்குச் சாப்பாடு

மீனையும் கீரையையும் ஒரே தண்ணியில் வளர்க்கிறதுக்கு அக்குவாபோனிக்ஸ் எண்டு பெயர். வெயில் விழுற யன்னலடியில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதுக்கு மேல சல்லி நிரப்பின பேசின், தண்ணியை மேல ஏத்த ஒரு சின்ன மோட்டர். எங்கட வீட்டில் இருக்கிறது இவ்வளவுதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தண்ணியின் காரத்தன்மையைக் கூட்டும் எண்டதால கருங்கல் சல்லி போட்டோம். வினாகிரி விட்டுப் பார்த்தால் தெரியும், நுரைக்கிற கல் வேண்டாம்.

மீன் விட்ட உடனே கீரை வராது. மீன் கழிக்கிற அமோனியா கூடினால் மீனையே கொல்லும். சல்லியில் குடியேறுற பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாத்த வேணும். அவை பெருக 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரைக்கும் மீனும் கொஞ்சம், தீனியும் கொஞ்சம். பிறகு நைத்திரேற்றை கங்குன் வேர் உறிஞ்சும்.

இதே நைத்திரேற்றுத்தான் தோட்டத்து உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் எங்கட குடாநாட்டுக் கிணறுகளுக்குள் இறங்குது. குடிதண்ணியில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கூடினால் முதலில் பாதிக்கப்படுறது புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகள்.

தொட்டியில் மிஞ்சினதை எடுக்க வேர் இருக்கு. வயலில் பயிர் எடுக்கிறதுக்கு மேலால போடுற உரத்தை ஆர் எடுக்கிறது? அந்தக் கணக்கைத்தான் நாங்கள் இப்ப தோட்டக்காரரோட கதைக்கத் தொடங்கியிருக்கிறோம்.