பந்தலும் பட்டமும்

"மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்ற கேள்விக்கு மாட்டுங்காப் பிள்ளை திணற வேண்டியதில்லை. கலையும் விஞ்ஞானமும் வேண்டுமா, ரூயா இருக்கிறது. வணிகமா, போதார் இருக்கிறது. பொறியியலா, வி.ஜே.டி.ஐ. இருக்கிறது. எல்லாம் நடந்து போகிற தூரம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில், "விழா நிர்வாகம்" என்பது. கேட்டவர்கள் சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "கல்யாண காண்ட்ராக்டுதானே? நல்ல தொழில். அதுக்கு எதுக்குடா காலேஜ்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையே இது. பின்னால் வரும் தம்பி தங்கையருக்குப் பயன்படலாம் என்று எழுதத் துணிந்தேன்.

எனக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. எங்கள் வீடு கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கம். விநாயக சதுர்த்தி வந்தால் ஐந்து நாளும் அங்கே ஜனசமுத்திரம். தை பிறந்தால் தாராவித் தெருக்களில் வரிசையாகப் பொங்கல் பானைகள். சண்முகானந்தா ஹாலிலோ கச்சேரியும் நாட்டியமும். 1963-இல் திறக்கப்பெற்று, 1990-இல் தீயில் பாழாகி, 1998-இல் மறுபடி எழுந்த அரங்கம் அது. சிறு வயதில் அப்பா அங்கே அழைத்துப் போனால் என் கண் பாடகரிடம் இராது. கைவிளக்குடன் நின்று, வருகிறவர்களை இடம் பார்த்து அமர்த்துகிறாரே, அவரிடமே இருக்கும்.

அந்தக் கோடையில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் விளக்கப் புத்தகம் கைக்கு வந்தது. வழவழப்பான காகிதம். பக்கத்துக்குப் பக்கம் வண்ண விளக்குகள். ஓராண்டு டிப்ளமாவுக்குக் கட்டணம் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். தங்கையின் படிப்புக்கென்று வங்கியில் போட்டிருந்த பணத்தை எடுத்துத் தருவதாக அப்பா சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வேறு வழிகளும் இருந்தன. 1954-இல் தொடங்கிய ஹோட்டல் நிர்வாகக் கல்லூரி பக்கத்தில் தாதரிலேயே இருக்கிறது. அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நான் விழித்துக்கொண்டபோது விண்ணப்பத் தேதி கடந்திருந்தது. மிஞ்சியது பி.காம். வரவு செலவு எழுதவா பிறந்தேன் என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

பணம் கட்டப் பத்து நாள் இருந்தபோது, எங்கள் கட்டடத்துக் காண்ட்ராக்டர் மாமா ஒரு கல்யாணத்துக்கு ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். மாமா நாற்பது வருஷமாகக் கல்யாணங்களை ஏற்று நடத்துகிறவர். எனக்கிட்ட வேலை, வாசல் அலங்காரத்தை மேற்பார்ப்பது. பூ வளைவு ஒன்றை எங்கே நிறுத்தலாம் என்று பார்த்தேன். மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவு கண்ணில் பட்டது. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது. கதவை மூடி, அதற்கு முன்னால் வளைவை நிறுத்தி, இரண்டு பக்கமும் நாற்காலி அடுக்கினேன். பெண் வீட்டார் மெச்சினார்கள்.

மாமா வந்தார். பார்த்தார். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவரே ஒரு பக்கம் தூக்கினார்.

"அழகாத்தான் இருக்கு, அம்பி. ஆனா ஏதாவது ஒண்ணுன்னா முந்நூறு பேர் எந்த வழியா வெளியிலே போவா?"

எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவு பாத்திரம் ஏற்றும்போது அவர் சொன்னதைக் கேட்டதும் கோபம் போயிற்று. 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மின்கசிவால் கீற்றுக் கூரை பற்றிக்கொண்டது. மணமகன் உட்பட ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பின் எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் மின் கம்பிகளையும் கதவுகளையும் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டச் சொல்வாராம். விளக்கப் புத்தகத்தின் வண்ணப் பக்கங்களில் கதவைப் பற்றி ஒரு வரியும் நான் படித்ததாக நினைவில்லை.

"அப்படியானால் உங்களிடமே கற்றுக்கொள்கிறேன், மாமா. காலேஜ் வேண்டாம்" என்றேன்.

மாமா தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இலை இத்தனை, பந்தி இத்தனை, பால் இத்தனை என்று நாற்பது வருஷத்து அனுபவம் அதில் இருந்தது. 2020-ஆம் வருஷப் பக்கங்களில் மட்டும் பெயர்கள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஏற்றிருந்த கல்யாணங்களெல்லாம் நின்றன. முன்பணத்தில் பாதி, சமையற்காரர்களுக்கும் மளிகைக்கும் போய்விட்டிருந்தது. முழுவதையும் திருப்பிக் கேட்டார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. மாமா கடன் வாங்கிக் கொடுத்துத் தீர்த்தார்.

"சமையலும் பந்தலும் நான் சொல்லித் தரேன். இதை எனக்கே யாரும் சொல்லித் தரலை. நீ படிச்சுட்டு வா" என்றார்.

மறுநாள் அப்பாவிடம் வங்கிப் பணத்தைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். நான் ஒதுக்கிய பி.காம்.மிலேயே சேர்ந்தேன்.

இப்போது இரண்டாம் ஆண்டு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் எங்களுக்குப் பாடம். நிறைவேற்ற முடியாமற்போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது 56-ஆம் பிரிவு. அப்படிச் செல்லாமற்போனால், பெற்ற பயனைத் திருப்பித் தரவோ அதற்கு ஈடு செய்யவோ வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. ஆகவே, விழா நின்றுபோனால் செலவழிந்த பணம் யாரைச் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். வகுப்பில் பலர் கொட்டாவி விட்ட அந்தப் பாடத்தை, மாமாவின் அடிக்கப்பட்ட பக்கங்களை நினைத்துக்கொண்டு படித்தேன். முகூர்த்த நாட்களில் மாமாவுடன் போகிறேன். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளையின் நண்பர்களிடம் திட்டு வாங்குவதும் என் வேலைதான். அது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி.

தனிப் பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். தருவது பல்கலைக்கழகப் பட்டமா, வெறும் சான்றிதழா? கணக்கும் ஒப்பந்தமும் தீத்தடுப்பும் பாடத்தில் உண்டா? மாணவர்கள் உண்மையான விழாவில் எத்தனை நாள் வேலை செய்கிறார்கள்? விடை திருப்தியானால் சேருங்கள். பட்டம் பெற்றபின் எனக்கும் அப்படியொரு பயிற்சி தேவைப்படலாம். அதற்கான பணத்தை நானே சம்பாதித்திருப்பேன்.

சென்ற தை மாதம் மாமாவுக்காக இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று எழுதினேன். பெண் வீட்டார் கையெழுத்திடத் தயங்கினார்கள். படித்துப் பார்த்து, தங்களுக்கும் அது பாதுகாப்பு என்று கண்டு கையெழுத்திட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து பாட்டியிடம் அதை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் காலேஜா? சரி, போயிட்டு வா" என்றாள்.