பாஸ்போர்ட் மாத்துறவங்களும் பனித்தளமும்: ஒரு நீண்ட த்ரெட்

1/
தாரா பிரசாத்னு ஒரு பேரு கேள்விப்பட்டிருக்கீங்களா? அமெரிக்காவுல பிறந்து வளர்ந்த ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. அப்பா அம்மாவுக்குப் பூர்வீகம் தமிழ்நாடு. 2019ல அமெரிக்கக் குடியுரிமையை விட்டுட்டு இந்தியக் குடியுரிமைக்கு மாறினவங்க. இந்தியாவுக்காகப் பனியில ஆடுறதுக்காக.

2/
மடத்துக்குளம், உடுமலைப் பக்கம் பாஸ்போர்ட்னாலே வெளிய போறதுக்கான புத்தகம்தான். சிங்கப்பூர், துபாய், லண்டன். எங்க கூடப் படிச்ச டாக்டர்களும் பிளாப் பரீட்சை எழுதி அந்தப் பக்கம்தான் போறாங்க. எதிர்த்திசையில ஒருத்தர் வந்தா, ஏன்னு கேக்கத் தோணுமில்லையா? அதான் இந்த த்ரெட். நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

3/
முதல்ல விளையாட்டைப் பத்தி ரெண்டு வரி. ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்ல தனிநபர், ஜோடி, ஐஸ் டான்ஸ்னு பிரிவுகள் உண்டு. தாரா தனிநபர் பிரிவு. ஐஸ் டான்ஸ்ல எப்பவும் ரெண்டு பேர். பெரிய தாவல்கள் கிடையாது, துணையைத் தலைக்கு மேல தூக்கக் கூடாது. தாளம், கால் வேலை, ரெண்டு உடம்பும் ஒரே உடம்பா நகர்றது, இதுக்குத்தான் மார்க்.

4/
ஷூவுக்கு அடியில இருக்கிற இரும்புத் தகடோட தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். அதுக்கு உள்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு விளிம்பு. அந்த விளிம்புல சாய்ஞ்சுக்கிட்டேதான் முழு ஆட்டமும். கணுக்கால், இடுப்பு, முதுகு மூணும் வருஷக்கணக்கா இதுக்குப் பழகணும். அஞ்சாறு வயசுல ஆரம்பிக்கிற பழக்கம் இது. இருபது வயசுல ஆசைப்பட்டு ஆரம்பிச்சு ஒலிம்பிக் போறது நடக்காத காரியம்.

5/
இந்த விளையாட்டுல நாடு மாறுறது ரொம்ப சகஜம். அதுவும் ஐஸ் டான்ஸ்ல. காரணம் எளிமையானது: துணை கிடைக்கிறது கஷ்டம். உயரம், வேகம், குணம் எல்லாம் ஒத்துப்போகணும். நம்ம கோயில் கச்சேரியில நாதஸ்வரக்காரருக்குச் சரியான தவில் அமையுற மாதிரி. அந்தத் தவில் வேற ஊர்ல இருந்தா? போய்த்தான் ஆகணும்.

6/
தனித் பெல்பின் கனடாவுல பிறந்தவங்க. துணை பென் அகோஸ்டோ அமெரிக்கர். அமெரிக்காவுக்காக ஆடினாங்க. உலகப் போட்டிகள்ல ஜோடியில ஒருத்தர் அந்த நாட்டுக் குடிமகனா இருந்தாப் போதும். ஆனா ஒலிம்பிக்ல ரெண்டு பேரும் அந்த நாட்டுக் குடிமக்களா இருக்கணும். அதனால 2002 ஒலிம்பிக் போச்சு.

7/
2006 ஒலிம்பிக்கும் போயிருக்கும். அவங்களை மாதிரி ஆட்களுக்கு வழி விட்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டப் பிரிவைச் சேர்த்து, 2005 டிசம்பர் கடைசியில ஜனாதிபதி புஷ் கையெழுத்துப் போட்டார். உடனே குடியுரிமை. ரெண்டு மாசத்துல டூரின் ஒலிம்பிக்ல வெள்ளிப் பதக்கம். ஒரு நாடு மனசு வச்சா எவ்வளவு வேகமா நடக்கும்னு பாருங்க.

8/
மனசு வைக்கலைன்னா? அலிசன் ரீட் கதை. அமெரிக்காவுல பிறந்தவங்க. 2010 வான்கூவர் ஒலிம்பிக்ல 15 வயசுல ஜார்ஜியா நாட்டுக்காக ஆடினாங்க. அதே போட்டியில அவங்க அக்காவும் அண்ணனும் ஜப்பானுக்காக ஆடினாங்க, அம்மா ஜப்பானியர்ங்கிறதால. ஒரே வீட்டுப் பிள்ளைங்க மூணு பேர், ஒரே பனித்தளம், ரெண்டு கொடி.

9/
அப்புறம் அலிசன் இஸ்ரேலுக்காக ஆடினாங்க. அடுத்து லிதுவேனியா, துணை சவுலியஸ் அம்ப்ருலெவிசியஸ். அங்க குடியுரிமை கிடைக்காததால 2022 ஒலிம்பிக் போக முடியல. ஆனாலும் 2024ல லிதுவேனியாவுலயே நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்ல அந்த நாட்டுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தாங்க. குடியுரிமை கிடைச்சது 2022 ஒலிம்பிக் எல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

10/
"மூணு நாடு மாறினவங்களுக்கு என்ன தேசப்பற்று இருக்கும்?"னு கேக்கலாம். நான் டாக்டரா வேற கணக்குப் பாக்குறேன். ஒரு விளையாட்டு வீராங்கனையோட உடம்புக்கு உச்சகட்டம்னு இருக்கிறது சில வருஷம்தான். ஒலிம்பிக் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. ஒரு கோப்பு ஒரு மேசையில தூங்கினா, அந்த உடம்போட நாலு வருஷம் போச்சு. அதைத் திருப்பிக் கொடுக்க எந்த அரசாலும் முடியாது.

11/
சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். சென்னை விஜய் அமிர்தராஜ் மகன் பிரகாஷ் அமிர்தராஜ் ஞாபகம் இருக்கா? அமெரிக்காவுல பிறந்தவர், அமெரிக்கக் குடிமகன். ஆனா டேவிஸ் கோப்பையில இந்தியாவுக்காக ஆடினார். 2008 டிசம்பர்ல மத்திய அரசு, இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க மட்டும்தான் இந்தியாவுக்கு ஆடலாம்னு சொன்னதும் அந்தக் கதவு மூடிடுச்சு.

12/
நம்ம சட்டத்துல இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓசிஐ அட்டை இருந்தா விசா இல்லாம வந்து போகலாம், இந்திய ஜெர்சி போட முடியாது. 2010ல ஸ்குவாஷ் வீரர் கர்ம் குமார் வழக்குல டெல்லி உயர் நீதிமன்றமும் இந்தக் கொள்கை செல்லும்னு சொல்லிடுச்சு. ஆக, தாரா மாதிரி ஒருத்தருக்கு இருக்கிறது ஒரே வழி: இருக்கிற பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுக்கணும்.

13/
விட்டுக்கொடுத்தாங்க. தேசியச் சாம்பியன் ஆனாங்க. 2025 பிப்ரவரியில சீனாவோட ஹார்பின்ல நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுல பெண்கள் பிரிவுல 8வது இடம். ஜப்பான், கொரியா ஆடுற ஆசியாவுல 8வது இடம் சும்மா இல்லைங்க. ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்ல இந்தியா இன்னும் காலே வைக்கல.

14/
"அமெரிக்க டீம்ல இடம் கிடைக்காதுன்னுதான் இங்க வந்திருப்பாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். இருக்கட்டுமே! வேலைக்கு இடம் தேடிப் போறது தப்புன்னா முதல்ல திருப்பூர் பனியன் கம்பெனி பாதியை இழுத்து மூடணும். நான் கேக்க நினைக்கிற கேள்வி வேற: அவங்க நமக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாங்க. நாம அவங்களுக்கு என்ன கொடுத்தோம்?

15/
பயிற்சி இன்னமும் அமெரிக்காவுலதான். இங்க எங்க போய்ப் பழகுவாங்க? சிம்லாவுல 1920லயே வந்த பனித்தளம் இருக்கு, ஆனா இயற்கைப் பனி, குளிர்காலத்துல மட்டும்தான். டேராடூன்ல 2011ல பெரிய உள்ளரங்கம் கட்டினாங்க, ஒரு போட்டி முடிஞ்சதும் பல வருஷம் பூட்டியே கிடந்து 2025லதான் திரும்ப உயிர் வந்துச்சு. நம்ம பசங்க பல பேரு பழகினது குருகிராம்ல ஒரு மாலுக்குள்ள.

16/
நாடு மாறி வர்றவங்களை நாம "தியாகம்"னு கொண்டாடிட்டு விட்டுடுறோம். தியாகத்துக்குக் கைதட்ட செலவு ஆகாது. பனித்தளத்தை வருஷம் முழுக்க உறைய வைக்க கரண்ட் பில் கட்டணும். பெல்பினுக்கு அமெரிக்கா கொடுத்தது வெறும் காகிதம் இல்ல. தளம், பயிற்சியாளர், துணை எல்லாம் அங்க ஏற்கெனவே தயாரா இருந்துச்சு. கடைசியா வந்ததுதான் காகிதம்.

17/
இதெல்லாம் மடத்துக்குளத்துல உக்காந்து ஏன் யோசிக்கிறேன்? போன வருஷம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஓ.பி.க்கு வந்துச்சு. 400 மீட்டர் ஓடுற பொண்ணு, விளையாட்டுப் போட்டிக்கு உடல்தகுதிச் சான்று வேணும். அப்பா பக்கத்து நூல் மில்லுல வேலை, ஒடிசாக்காரர். பொண்ணு பிறந்தது இந்த மாவட்டத்துல, ஒரு அரசு ஆஸ்பத்திரியில. பேசுறது சுத்தமான கொங்குத் தமிழ்.

18/
கையில இருந்த படிவத்துல "சொந்த மாநிலம்"னு ஒரு கட்டம். அப்பா பாதித் தமிழ், பாதி ஹிந்தியில கேட்டார்: "டாக்டர், இதுல ஒடிசா எழுதறதா, தமிழ்நாடு எழுதறதா?" நான் பொண்ணைப் பாத்து, "நீ சொல்லு பாப்பா"ன்னேன். "நான் ஓடறது இங்கதானுங்களே"ன்னுச்சு.

19/
நாடிச் சத்தம், ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் நல்லா இருந்துச்சு. ஹீமோகுளோபின் மட்டும் 9.8. 400 மீட்டர்ல கடைசி நூறு மீட்டர் ஏன் இழுக்குதுன்னு அந்தப் பொண்ணு சொன்னதுக்குக் காரணம் அதுல பாதி தெரிஞ்சிடுச்சு. குடற்புழு மாத்திரை, மூணு மாசம் இரும்புச்சத்து மாத்திரை, கூட முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும். மூணு மாசம் கழிச்சு 11.9.

20/
தாராவுக்கும் இந்தப் பொண்ணுக்கும் நடுவுல கண்டமே இருக்கு. ஒருத்தர் தானா முடிவு பண்ணி மாறினவங்க. இன்னொருத்தர் எதையும் முடிவு பண்ணாம, பிறந்த இடத்துலயே வெளியூர்க்காரியா நிக்கிறவங்க. ஆனா ரெண்டு பேர்கிட்டயும் நாம முதல்ல கேக்குறது ஒரே கேள்வி: "நீ எந்த ஊரு?" உடம்பு கேக்குறதோ வேற: தரை எங்க, சோறு எங்க, சொல்லிக்கொடுக்க ஆள் எங்க?

21/
நம்ம பெல்ட்டுல நூல் மில்லு, பனியன் கம்பெனி, பேப்பர் மில்லு எங்க பாத்தாலும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் குடும்பங்கள். அவங்க பிள்ளைங்க நம்ம அரசுப் பள்ளியிலதான் படிக்குது. அதுல எத்தனை நல்ல காலு, எத்தனை நல்ல நுரையீரல் இருக்கோ! பி.டி. வாத்தியார்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். பேரைப் பாத்துத் தயங்காதீங்க, முதல்ல ஓட விடுங்க. காகிதத்துக்கு அலையறதை நாம பெரியவங்க பாத்துக்கலாம்.

22/
அப்படி ஓடுற பிள்ளைங்களுக்கு உடல்தகுதிச் சான்று, ரத்தப் பரிசோதனை வேணும்னா பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. காசு கிடையாது. இரும்புச்சத்து மாத்திரையும் அங்கயே கிடைக்கும். வயித்தைப் பிரட்டுதுன்னு நடுவுல நிறுத்திடாம மூணு மாசம் முழுசா சாப்பிட வைங்க.