சூரியன் வராத பொங்கல்

வேலூர் வெயிலைத் திட்டாத வேலூர்க்காரர் உண்டா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வியர்வை வழியத் தைக்கும் தோல் காலணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகின்றன. அந்த ஐரோப்பாவின் வடகோடியில், சூரியனே தலைகாட்டாத மாதங்களைத் தமிழர்கள் வாழ்ந்து கடந்திருக்கிறார்கள்.

நார்வேயின் ஃபின்மார்க் பகுதி. இலங்கைப் போருக்குத் தப்பி, 1980களில் இருந்து அந்நாட்டுக்கு வந்த தமிழர்களில் பலர் இங்குள்ள மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் நகரங்களுக்குக் கிளம்பிவிட, காட் மீனை அறுத்துச் சுத்தம் செய்ய ஆள் தேவைப்பட்டது.

அங்கே வார்டோ போன்ற ஊர்களில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன், ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் திரும்பும். (வேலூரில் டிசம்பரின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல்!) நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். நடுப்பகலில் சில மணி நேரம் நீல நிறத்தில் மங்கலான வெளிச்சம் இருக்கும். ஆனால் உடம்பு ஏமாறாது. இரவில் தூக்கம் வராது. பகலில் கண் சொக்கும். மனசும் சோர்ந்துபோகும்.

வெயில் படாவிட்டால் வைட்டமின் டி குறையும். கருத்த தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும் என்பதால் நம்மவர்களுக்குச் சிக்கல் அதிகம். நார்வேக்காரர்களின் கைவைத்தியம் மீன் எண்ணெய். பெயரில் 'ர' ஒலி வரும் மாதங்களில் தினம் ஒரு கரண்டி. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எண்ணிப் பாருங்கள், தமிழில் எழுதினாலும் கணக்கு சரியாக வருகிறது!

எண்ணெயால் தீராத ஒன்று பொங்கல். தை முதல் நாள் சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள். வார்டோவில் அன்று சூரியன் எழுவதே இல்லை. பால் பொங்கும், கிழக்கே பார்த்துக் கும்பிட்டால் இருட்டுதான். இன்னும் சில நாள் பொறுத்தால் உள்ளூர்க்காரர்களே சூரியனை வரவேற்பார்கள். சற்றுத் தெற்கே, ட்ரம்ஸோ நகரில் ஜனவரி 21ஐ ஒட்டி 'சூரிய நாள்'. அன்று ஊரே இனிப்பு பன் சாப்பிடும். நம் பொங்கலுக்கு ஒரு வாரம் தள்ளிப் பிறந்த தங்கை என்றே சொல்லலாம்.

பல குடும்பங்கள் பின்னர் ஓஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தன. உறவினர், கோயில், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்று காரணங்கள் பல. டிசம்பரிலும் அங்கே ஆறு மணி நேரம் பகல் உண்டு.