செவிக்குள் ஒரு வண்டு

பள்ளி மணி ஓய்ந்த பின்னும் அதன் ரீங்காரம் என் செவிக்குள் ஓயவில்லை. ஐம்பத்து நான்கு வயதில், இரவெல்லாம் வண்டொன்று முரல்வதுபோல் உணர்ந்து மருத்துவமனை சென்றேன்.

ஒலிபுகா அறையில் அமர்த்தி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை மெல்லொலிகளை எழுப்பினர். கேட்டபோதெல்லாம் பொத்தானை அழுத்தினேன். “செவித்திறன் இயல்பாகவே உள்ளது, ஐயா” என்றார் ஆய்வாளர். அப்படியாயின், இவ்விரைச்சல் என் கற்பனைதானோ?

“அன்று” என்றவர், வேறொரு சோதனையும் செய்தார். நத்தை ஓடுபோல் சுருண்ட உட்செவியில் ஏறத்தாழ 12,000 புற மயிரணுக்கள் உள்ளன. அவை நலமாயிருப்பின், புகும் ஒலிக்கு மறுமொழியாகத் தாமும் நுண்ணொலி எழுப்பும். இலண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் உலகுக்கு அறிவித்த உண்மை இது. என் செவியில் உயர்சுருதிகளுக்கு அம்மறுமொழி குன்றியிருந்தது. முதற்சோதனை காணாத தேய்வு! செவி தரும் செய்தி குறைகையில் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் இரைச்சல் பிறக்கிறது என்பர் அறிஞர் பலர்.

வீடு திரும்புகையில் பழைய மாணவன் ஒருவன் நினைவில் வந்து நின்றான். “காதில் இரைச்சல், ஐயா, சொல்வதெழுதுதல் சரியாகக் கேட்கவில்லை” என்றான் அன்று. குறையில்லை என மருத்துவர் தந்த சீட்டைக் காட்டி, “சாக்குச் சொல்லாதே” எனக் கடிந்து, வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அவன் தலைகுனிந்து நின்ற கோலம் இன்றும் என்னை வருத்துகிறது. மன்னிப்புக் கேட்க அவன் இருப்பிடமும் அறியேன்.

சோதனைத் தாளில் பதியாத துன்பமும் துன்பமே. ஆசிரியப் பெருமக்களே, தாளை நோக்குமுன் பிள்ளையின் சொல்லுக்குச் செவி கொடுங்கள்.