சைலன்சர் வாயைத் துடைக்க முன்

எங்க கார் ஹயர் ஓடுது. தெல்தெனியவிலிருந்து ஹுன்னஸ்கிரிய ஏற்றம் ஏறி, 18 வளைவு இறங்கி மகியங்கனைக்குப் போய்த் திரும்பினால் சைலன்சர் வாய் கறுத்துப் போயிருக்கும். அதைத் துடைக்கிறது என் வேலை. பளபளப்புக்காக மட்டுமில்லை, வண்டியின் சுகம் அந்தக் கரியில் தெரியும்.

குழாய் நன்றாக ஆறின பிறகு விரலால் தடவிப் பாருங்க. காய்ந்த, மெல்லிய கரி என்றால் பெரும்பாலும் சாதாரணம். தடிப்பாகப் படிந்திருந்தால் தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் போகுது. எயார் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டினால், இன்ஜின் ஒயில் குடிக்குது. காலையில் சொட்டுகிற தண்ணிக்குப் பயப்பட வேணாம்: 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் உண்டாகும்.

பார்த்தாச்சா? இனி சவர்க்காரத் தண்ணி போட்டுக் கழுவுங்க. குரோம் பூசின வாயில் கரி விடாமல் ஒட்டியிருந்தால், நனைத்த அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்க்கலாம்; குரோமைவிட அலுமினியம் மென்மையானது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் கீறிவிடும். கடைசியில் குத்துவிளக்குக்குப் போடுற பிராசோ கொஞ்சம்.

2020இல் நிறுத்தின கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இப்பவும் புதுக் கார் எங்களுக்கு எட்டாத விலை. என் கெம்பஸ் செலவும் இந்தப் பழைய வண்டியை நம்பித்தான். வருஷா வருஷம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் இருக்கு. அங்கே கருவியைக் குழாய்க்குள்ளே விட்டுத்தான் பார்ப்பாங்க. வெளிப் பளபளப்புக்குப் புள்ளி இல்லை.