ஆளைப் பார்த்துப் பெயர் போடு

"எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், "தஞ்சோங் ரம்புத்தான்" என்பேன். உடனே ஒரு சிரிப்பு வரும். 1911-இல் இங்கே தொடங்கிய மனநல மருத்துவமனைதான் காரணம். இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. எத்தனையோ பேர் அங்கே குணமாகி வீடு திரும்பியிருக்கிறார்கள். ஊர்மேல் குத்திய முத்திரை மட்டும் இன்னும் அழியவில்லை.

தவறான முத்திரை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒருமுறை அதே தவற்றை நானே செய்தேன்.

ஈப்போவில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு கணினிக்கும் நிறுவனம் ஓர் எண் கொடுக்கும். 'அசெட் டேக்' என்போம். எது யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு அந்த எண்ணில்தான் நிற்கிறது. வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் கை வியர்வையில் உரிந்துவிடும். அதனால் அதே எண்ணைக் கணினியின் பயோஸுக்குள்ளும் எழுதிவைப்போம். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அது அழியாது.

டெல் கணினிகளில் இதைச் செய்ய 'சி.சி.டி.கே.' என்ற கருவி உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் எண் ஏறிவிடும். பயோஸுக்குக் கடவுச்சொல் இருந்தால் அதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். எங்களிடம் 60 கணினிகள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றிலும் எண்ணை எழுத ஒரு ஸ்கிரிப்ட் தயாரித்தேன். மதிய உணவு நேரத்துக்குள் வேலை முடிந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் கழித்து, கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்த ஓர் அக்கா வேலையை விட்டார். அவர் ஒப்படைத்த மடிக்கணினியில் ஸ்டிக்கர் உரிந்திருந்தது. உள்ளே இருந்த எண்ணோ வேறொருவர் பெயரில் இருந்தது. "மாற்றிக் கொண்டுபோய்விட்டாரோ?" என்ற பேச்சு கிளம்பியது. கடைசி மாதச் சம்பளம் நின்றது.

"தம்பி, நான் எடுக்கல. நீங்களாச்சும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

டெல் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கணினிக்கும் 7 எழுத்தில் 'சர்வீஸ் டேக்' பதிவாகிவிடும். அது நாங்கள் மாற்றுவதற்கில்லை. அதைக் கட்டளை தட்டிப் படித்து, அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிய பாரத்தோடு ஒப்பிட்டேன். அவருக்குக் கொடுத்த அதே கணினிதான்! பக்கத்து மேசைக் கணினியைப் பார்த்தேன். அதிலும் எண் தவறு. எக்செல் பட்டியலில் அசெட் எண் இருந்த பத்தியை மட்டும் வரிசைப்படுத்தியிருக்கிறேன். சர்வீஸ் டேக் பத்தி அப்படியே நின்றுவிட்டது. கருவி நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் கிராணி பெயர் படிப்பார். ஆள் நின்று குரல் கொடுத்தால்தான் செக்ரோலில் பதிவு. பதிவு விட்டுப்போனால் ஒருநாள் கூலி போச்சு.

"ஆளைப் பார்க்காம பேரு போட்டுட்டியா?" என்றார்.

மறுநாள் மேலாளரிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அக்காவுக்குச் சம்பளம் கிடைத்தது. ஆனால் பிரிவுபசார விருந்துக்கு அவர் வரவில்லை.

இப்போது எண்ணை எழுதியதும் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். பிறகு மேசைக்கே போய், ஆளையும் கணினியையும் பாரத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன். மூன்று நாள் ஆகிறது. ஆகட்டும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அலுவலகக் கணினியை வாங்கும் அன்றே அதன் சர்வீஸ் டேக்கை, அல்லது வரிசை எண்ணை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாரத்திலும் அது இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். என்னைப்போல் ஒருவன் உங்கள் அலுவலகத்திலும் இருக்கலாம்.